செங்கெனித்: ஒரு சுரங்க ஊரின் கதை

கைத்தொழிற் புரட்சியை வகுப்பறையில் நாம் கற்பிக்கும்போது நீராவி இயந்திரம் வருகின்றது, புகைவண்டி வருகின்றது, அவற்றை ஆக்கியோரின் பெயர்களும் ஆண்டுகளும் மாணவர்க்கு மனப்பாடமாகின்றன. அவ்வியந்திரங்களின் வயிற்றை நிரப்பிய நிலக்கரியை மண்ணின் அடியிலிருந்து வெட்டியெடுத்தோர் யாவர் என்ற வினா மட்டும் எழுவது அரிது. அவ்வினாவை எழுப்ப விரும்பும் ஆசிரியர் தென் வேல்ஸிலுள்ள செங்கெனித் என்னும் சிற்றூரின் வரலாற்றை மாணவர்முன் வைக்கலாம்.

கெயார்பிலி நகருக்கு அப்பால், ஏபர் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் அமைந்தது இவ்வூர். 1891 ஆம் ஆண்டில் அங்கு யுனிவர்சல் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கும்வரை சில பண்ணை வீடுகளே இருந்தன. 1896 இல் நிலக்கரி வெளிவந்தது. வேலை தேடி வந்த குடும்பங்களுக்காக வரிசை வீடுகளும், கடைத்தெருவும், வழிபாட்டு மன்றங்களும் எழுந்தன. சுரங்கம் ஊருக்கு அருகில் இருந்தது என்பதிலும், சுரங்கத்தின் வாயிலில் ஊர் கட்டப்பட்டது என்பதே பொருந்தும். சுரங்க உடைமையாளரான வில்லியம் தோமஸ் லூயிஸ் 1911 இல் பிரபுப் பட்டம் பெற்றபோது இவ்வூரின் பெயரையும் தமது விருதிற் சேர்த்துக்கொண்டார். ஊரார் உழைப்பில் விளைந்த செல்வத்தோடு ஊரின் பெயரும் அவருக்குப் போயிற்று!

இங்கு கிடைத்தது நீராவிக் கப்பல்களுக்கு மிக உகந்த கரி. புகை குறைவு, வெப்பம் மிகுதி. பிரித்தானியக் கடற்படை இதனையே விரும்பியது. கொழும்புத் துறைமுகம் கப்பல்களுக்குக் கரி வழங்கும் நிலையமாக விளங்கிய காலத்தில் வேல்ஸ் நாட்டுக் கரி இங்கும் வந்திறங்கியது. தென் வேல்ஸ் வயல்களின் உற்பத்தி உச்சத்தை எட்டிய 1913 இல் அது 5 கோடியே 60 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டது. யுனிவர்சல் சுரங்கத்தின் பகுதிகளுக்கு மாபெக்கிங், லேடிசிமித், கிம்பர்லி, பிரிட்டோரியா என்ற பெயர்கள் இடப்பட்டிருந்தன. தென்னாபிரிக்கப் போரின் களங்கள் அவை. ஏகாதிபத்தியத்தின் வெற்றிகளைச் சூரியனே காணாத பாதாளத்தில் எழுதிவைத்தவரின் மனப்பாங்கை என்னென்பது!

ஆனால் அந்தச் சுரங்கம் வெப்பமும் வறட்சியும் தூசியும் மிக்கது. கரிப்படைகளிலிருந்து மீதேன் வாயு கசிந்துகொண்டிருந்தது. வாயு தீப்பற்றினால் அதன் வேகம் தரையிற் படிந்த கரித்தூசியை எழுப்பும். எழுந்த தூசி தானும் வெடித்து அடுத்த பகுதிக்குத் தீயைக் கடத்தும். அதன்பின் பரவும் நச்சு வாயு, தீ தீண்டாதவரையும் கொல்லும். 1901 மே 24 ஆம் நாள் அதிகாலையில் இது நிகழ்ந்தது. இரவு வேலையினர் பெரும்பாலோர் மேலே வந்துவிட்டமையால் 82 பேரே உள்ளிருந்தனர். அவர்களுள் 81 பேர் மாண்டனர். தூசியே அழிவைப் பெருக்கியது என விசாரணை காட்டியது. ஆகவே, அடுத்து நேர்ந்ததை எதிர்பாராத விபத்து என்று சொல்வதற்கு எவர்க்கும் உரிமையில்லை.

எச்சரிக்கை மட்டுமன்றிச் சட்டமும் இருந்தது. சுரங்கத்தினுள் காற்றைச் செலுத்தும் விசிறி, ஆபத்து நேரத்தில் காற்றோட்டத்தை எதிர்த்திசையில் திருப்ப வல்லதாக இருத்தல் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் விதித்தது. தீ மூண்டால் உள்ளே செல்லும் காற்றே புகையை வேலையாட்களிடம் கொண்டுசெல்லும் என்பதே அதன் காரணம். 1913 தொடக்கத்திற்குள் செய்துமுடிக்க வேண்டிய இவ்வேலைக்கு அவ்வாண்டு செப்டெம்பர்வரை தவணை கொடுக்கப்பட்டது. தவணையும் கழிந்தது, வேலை முடியவில்லை.

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி கடந்த சிறிது நேரத்தில் சுரங்கம் வெடித்தது. ஏறக்குறைய 950 பேர் உள்ளிருந்தனர். மின்சார மணிக் கருவியில் எழுந்த பொறி வாயுவைப் பற்றவைத்திருக்கலாம் எனப் பின்னர் கருதப்பட்டது. கிழக்குப் பகுதியினர் மேலேற்றப்பட்டனர், மேற்கே தீ. அதனை அணைக்கப் போதிய நீர் வசதி அங்கு இல்லை. முகாமையாளர் எட்வேட் ஷோ உடனே தாமே கீழிறங்கி மீட்பில் ஈடுபட்டார் என்பதையும் நாம் கூறியாதல் வேண்டும். அவர் கோழையல்லர். ஆனால் ஒருவரின் துணிவு ஒரு சட்டத்தின் இடத்தை நிரப்பமாட்டாது. அன்றிரவு பதினெண்மர் உயிருடன் கண்டெடுக்கப்பட்டனர். மாண்டோர் 439 தொழிலாளர். மீட்கச் சென்றோருள் மேலும் ஒருவர். 60 பேர் இருபது வயது நிரம்பாதோர். எண்மருக்கு வயது பதினான்கு. நம் வகுப்பறையில் ஒன்பதாம் ஆண்டில் இருக்கவேண்டிய பிள்ளைகள். விதவையர் 205, தந்தையை இழந்த குழந்தைகள் 542.

மறுநாள் இலண்டனில் அரச குடும்பத் திருமணமொன்று நிகழ்ந்தது. அதன் பரிசுப்பொருள்களைப் பொதுமக்கள் கட்டணஞ் செலுத்திப் பார்க்கலாயினர். அவ்வாறு திரண்ட 1,200 பவுண் செங்கெனித் நிவாரணத்திற்கு அனுப்பப்பட்டது. கொடுத்தோரின் இரக்கத்தை நாம் பழிக்கவில்லை. வைரங்களைக் காட்டி விதவையர்க்குப் பணம் திரட்டிய அச்சமுதாயம், நீதிமன்றத்தில் அவர்களுக்கு என்ன செய்தது என்பதையே கேட்கின்றோம்.

1914 இல் வழக்கு நடந்தது. முகாமையாளர்மீது 17 குற்றச்சாட்டுகள், கம்பனிமீது நான்கு. முகாமையாளருக்கு மொத்தம் 24 பவுண் அபராதம். முதலில் தப்பிய கம்பனி, மேன்முறையீட்டின்பின் 10 பவுணும் செலவுத்தொகையும் கட்டியது. 24 பவுண் என்பது 5,760 பென்ஸ். அதனை 439 ஆல் வகுத்தால் ஓர் உயிருக்குப் பதின்மூன்று பென்ஸ், அதாவது ஒரு சிலிங்கும் ஒரு பென்ஸும் சொச்சமும். இக்கணக்கை முதலிற் செய்தது நாமல்லோம். வேல்ஸ் நாட்டுப் பத்திரிகையொன்று அன்றே செய்து தலைப்பிட்டது.

தீர்ப்புக்கு முன்பே, 1913 நவம்பர் முடிவில், சுரங்கம் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. தமையனும் தந்தையும் மாண்ட குழிக்குள் ஆடவர் மறுபடியும் இறங்கினர். அவர்களுக்கு அச்சமில்லை என்பதன்று. அவ்வூரில் வேறு சோறில்லை. 1928 இல் கம்பனி சுரங்கத்தை மூடியபோது அந்தச் சோறும் போயிற்று. 1947 சனவரி முதலாம் நாள் பிரித்தானியச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. செங்கெனித்தின் குழிக்கு அது பத்தொன்பது ஆண்டு பிந்திய செய்தி. 2013 அக்டோபர் 14 ஆம் நாள், நூறாண்டு நிறைவில், பழைய சுரங்கத்தின் அருகே வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் அனைவர்க்குமான தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. மீட்பாளன் ஒருவன் காயமுற்ற தோழனைத் தாங்கிவரும் சிலை அங்கே நிற்கின்றது. சுற்றியுள்ள சுவரில் 1901 இலும் 1913 இலும் மாண்டோரின் பெயர்கள், ஆளுக்கொரு சுட்ட ஓடாகப் பதிக்கப்பட்டுள்ளன.