விமான இருக்கை இடைவெளி

விமான இருக்கை ஒன்றின் ஒரு புள்ளியிலிருந்து முன்வரிசை இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் இருக்கை இடைவெளி எனப்படும். இதை அங்குலத்தில் குறிப்பது வழக்கம். இந்த அளவு முழுவதும் பயணியின் காலுக்குக் கிடைப்பதில்லை. முதுகுச் சாய்வின் தடிமனும் இதற்குள் அடக்கம். அதனால் மெல்லிய சாய்வுள்ள புதிய இருக்கை, 30 அங்குல இடைவெளியிலும் பழைய 31 அங்குல இருக்கை அளவுக்கு முழங்காலுக்கு இடம் தரக்கூடும். ஆனால் மெத்தையும் கூடவே மெலிகிறது. சில மணி நேரத்தில் இடுப்பு அதை உணர்ந்துவிடும்.

முன்பு சாதாரண வகுப்பில் 34, 35 அங்குலம் பரவலாக இருந்தது. இன்று 30 முதல் 32 வரை. குறைந்த கட்டண நிறுவனங்கள் சில 28 வரை இறங்கியுள்ளன. அவற்றில் சாய்க்கவே முடியாத இருக்கைகளும் உண்டு. காரணம் எளிய கணக்கு: 30 வரிசையுள்ள விமானத்தில் வரிசைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் இன்னொரு வரிசைக்கு இடம் கிடைக்கும். வரிசைக்கு ஆறு பேர் என்றால் ஆறு பயணச்சீட்டுகள் கூடுதல்.

அகலத்தில் இப்படி அங்குலம் அங்குலமாகக் குறைக்க முடியாது. விமானத்தின் உடற்கூடு அதற்கு எல்லை வகுத்துவிடுகிறது. போயிங் 737-இன் அகலம் 1950களில் உருவான 707-இலிருந்து வந்தது, 3.76 மீட்டர். ஏர்பஸ் ஏ320-க்கு 3.95 மீட்டர். இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர். ஏ320-இல் இருக்கை ஏறத்தாழ ஓர் அங்குலம் அகலமாக அமைய இதுவே காரணம். அகன்ற விமானங்களில் குறைப்பு வேறு வகையில் நடந்தது. போயிங் 777 வந்த புதிதில் வரிசைக்கு ஒன்பது பேர் அமர்ந்தனர். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் பத்து இருக்கைகள் போடுகின்றன. பத்தாவது இருக்கைக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடைவழியிலிருந்தும் எடுக்கப்பட்டதே. இதனால் பக்கத்தில் இருப்பவருடனான நெருக்கமும் கூடுகிறது. மனிதர்கள் தமக்கிடையே விடும் தூரத்துக்கு அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் வகுத்த அளவுகளில், மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் உரிய தூரம் 18 அங்குலம் வரை. அந்த எல்லைக்குள் முன்பின் தெரியாதவருடன் பல மணி நேரம் இருக்க வேண்டியிருக்கிறது. நடு இருக்கைக்காரருக்குக் கைப்பிடிகூடத் தனக்கென்று இல்லை.

சட்டம் இந்த நெருக்கடியைப் பாதுகாப்புக் கேள்வியாகவே பார்க்கிறது. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று விமான வடிவமைப்பு நிரூபிக்கப்பட வேண்டும். சுருங்கும் இருக்கைகள் குறித்த பயணிகள் அமைப்பின் வழக்கில், விமானப் போக்குவரத்து நிர்வாகம் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டது. குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் வகுக்கும்படி 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; கெடு கடந்தும் அளவு வரவில்லை. நிர்வாகம் ஓக்லஹோமா சிட்டியில் வெளியேற்றச் சோதனைகள் நடத்தியது. அவற்றில் பங்கேற்றவர்கள் 60 வயதுக்கு மிகாத, உடல்நலமுள்ள பெரியவர்கள். குழந்தைகளும் முதியோரும் அந்தச் சோதனையில் இல்லை. உண்மையான விமானத்தில் அவர்கள் இல்லாத வரிசை அரிது.