குமாயூன் காட்டில் ஒரு ரைபிள்

ஜிம் கார்பெட் எழுதிய புலிவேட்டைக் கதைகளை நான் வகுப்பில் படித்துக் காட்டும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழும். “ஐயா, அவரிடம் நல்ல துப்பாக்கி இருந்தது, சுட்டார். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பான் ஒருவன். கேட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள், கேள்வி மாறவில்லை. சரித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இக்கேள்வி மிகவும் உகந்தது. நல்ல துப்பாக்கி என்பது யாது? வேட்டைக்குச் செல்பவன் அதனை எவ்வாறு தேர்ந்தான்? தேர்வு பிழைத்தபோது அதன் பயனை அனுபவித்தவர் யார்? இவற்றிற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இலங்கையின் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வாழ்ந்தார். யானை வேட்டையில் பெருவிருப்புடையவர். 1840-இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கிக் கம்மியரிடம் அவர் சொல்லிச் செய்வித்த ரைபிள் 21 இராத்தல் எடையுள்ளது. அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. ஒரு வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்து காடு மேடெல்லாம் அலைவதை ஒக்கும்! அதில் இடும் ஈய உருண்டை 3 அவுன்சு, அதாவது 85 கிராம். ஒரு முறை சுடுவதற்கு 28 கிராம் வெடிமருந்து.

ஏன் இத்தனை பருமன்? அக்காலத்து வெடிமருந்து கந்தகம், கரி, வெடியுப்பு ஆகியவற்றின் கலவை. அதனால் குண்டை ஓர் எல்லைக்கு மேல் விரைவாகத் தள்ள இயலாது. வேகத்தை ஏற்ற முடியாதபோது எடையை ஏற்றுவது ஒன்றே வழி. குண்டு கனத்தால் பின்னுதைப்பு மிகும். உதைப்பைத் தாங்கத் துப்பாக்கியும் கனக்கவேண்டும். மேலும், சுட்டவுடன் எழும் வெண்புகை கண்ணை மறைத்துவிடும். அடிபட்ட விலங்கு விழுந்ததா, ஓடியதா, தம்மை நோக்கியே வருகிறதா என்பது தெரியாமல் வேட்டைக்காரர் புகை கலையும்வரை நிற்க வேண்டியிருந்தது. அந்தச் சில விநாடிகளில் உயிரிழந்தோர் உண்டு. இத்தனை குறைகளுடைய கருவிகள் இருந்த காலத்திலும் கொலைத்தொழில் குறையவில்லை. பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் ராஜர்ஸ் என்பவர் ஏறத்தாழ 1,400 யானைகளைக் கொன்றார் என்பர். அவர் 1845-இல் இடி விழுந்து மாண்டார். அதை இலங்கை மக்கள் எவ்வாறு பொருள்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1884-இல் பால் வியேய் என்னும் பிரெஞ்சு இரசாயனர் புகையில்லா வெடிமருந்தைச் செய்து காட்டினார். ஐந்தாண்டுகளில், 1889-இல், இங்கிலாந்தில் ‘கார்டைட்’ என்னும் மருந்து உருவாயிற்று. நம் நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலை இந்த மருந்தின் பெயரையே தாங்கியது. மலை இரயிலில் சென்ற மாணவர்கள் அவ்வூர் நிலையத்தைக் கண்டிருக்கக்கூடும்.

புதிய மருந்தால் வேட்டைக்காரரின் கணக்கே மாறிற்று. ஓடும் பொருளின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயரும் என்பது நீங்கள் பௌதிகத்தில் படித்ததே. எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே ஜெர்மனியில் மௌசர் தொழிற்சாலையார் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழலில், 9 முதல் 11 கிராம் வரை எடையுள்ள சிறு குண்டை, வினாடிக்கு 2,300 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்தினர். இதே அளவுத் தோட்டாவை லண்டனைச் சேர்ந்த ரிக்பி என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தார் 1907 அளவில் ‘.275’ என்று அங்குலக் கணக்கில் பெயரிட்டு விற்றனர். பெயரிலுள்ள எண் குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது; .500 என்றால் அரை அங்குலம், .275 என்றால் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய புரிகள் குண்டைப் பம்பரம்போற் சுழலச் செய்யும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல், சுழலும் குண்டு திசை மாறாது செல்லும்.

பேக்கரின் 85 கிராம் எங்கே, இந்த 9 கிராம் எங்கே? பழைய வேட்டைக்காரர்கள் நகைத்தார்கள். “இது மானுக்கு ஆகும், மதயானைக்கு ஆகுமா?” என்றார்கள். கிழக்காப்பிரிக்காவில் தந்தத்துக்காக வேட்டையாடிய பெல் என்னும் ஸ்காத்லாந்தியர் 1,000-த்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். அவற்றுள் பெரும்பாலானவற்றை இந்தச் சிறு குழல் ரைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணத்திலிருந்தும் கற்றறிந்தவர் அவர். அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை உயிர்களைத் தந்த வியாபாரத்துக்கு ஈடாக்கியதை என்னால் புகழ இயலாது. ஆதலால் அவரை இங்கேயே விட்டுவிட்டுக் குமாயூனுக்கு வருவோம்.

ஜிம் கார்பெட் 1875-இல் நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தபால் அதிகாரி. குளிர்காலங்களில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதூங்கிக்கு இறங்கிவிடும். சிறுவனுக்கு முதலில் கிடைத்தது முன்வாயில் மருந்து கிட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வலக்குழல் பிளந்திருந்தது, குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு குழலை மட்டுமே நம்பலாம். ஒரு முறை சுட்டால் மீண்டும் மருந்திட்டுக் கிட்டிக்க நெடுநேரமாகும். பின்னர்ப் பள்ளிப் படைப்பயிற்சியின் வாயிலாக .450 மார்ட்டினி ரைபிள் ஒன்று இரவலாகக் கிடைத்தது. அதுவும் ஒரு முறைக்கு ஒரே தோட்டா ஏற்பது. துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்டபின் வெற்றுக்கூடுகளைத் திருப்பித்தர வேண்டும் என்பன நிபந்தனைகள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய சிறுவன், சுடுவதற்கு முன் நெருங்கிச் செல்லவும், சுடாமல் திரும்பவும் கற்றுக்கொள்வான் அன்றோ! பிற்காலத்தில் அவர் பெற்ற எந்த உயர்ந்த ரைபிளையும்விட இந்த வறுமைப் பள்ளியே அவரை உருவாக்கியது என்பது என் கருத்து.

1907-இல் சம்பாவத் புலியை எதிர்கொண்டார். அந்தப் பெண்புலி நேபாளத்திலும் குமாயூனிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. அவ்வூர்த் தாசில்தார் ஏறத்தாழ 300 கிராமத்தாரைத் திரட்டிக் காட்டைக் கலைத்தார். கார்பெட் கையிலிருந்தது .500 இரட்டைக்குழல் ரைபிள், ஆற்றல் மிகுந்தது. ஆனால் அன்று அவர் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. காயமுற்ற புலி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் தாசில்தாரிடம் ஓடி, அவருடைய ரவைத் துப்பாக்கியை வாங்கி வந்தார். அதுவோ குழலும் பின்கட்டும் பொருந்தாமல் இடைவெளி தெரியும் ஓட்டைத் துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டு மிக அருகில் சென்று சுட்டார். குண்டு குறிவைத்த இடத்தில் படவில்லை என்றாலும் புலி வீழ்ந்தது. சில மாதங்களுக்குப் பின் நைனிதாலில் நடந்த தர்பாரில், ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட், தாசில்தாருக்கு ஒரு புதிய துப்பாக்கியைப் பரிசளித்தார். பொருத்தமான பரிசு என்று அன்று பலரும் எண்ணியிருப்பார்கள்!

புலி இறந்தபின் அதன் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்பக்கத்துக் கோரைப்பற்களுள் மேலது பாதியும் கீழது எலும்புவரையும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு தாக்கிய பழங்காயம் அது. மானையும் பன்றியையும் பற்றிக் கொல்ல இயலாத புலி, விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குள் வந்த பெண்களைப் பற்றத் தொடங்கியது. அந்த முகமறியா வேட்டைக்காரர் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்திருந்தார், எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டார், அடிபட்ட விலங்கைத் தொடர்ந்து போகாமல் ஏன் விட்டார் என்பன எந்த ஏட்டிலும் இல்லை. 436 மட்டும் ஏட்டில் இருக்கிறது. எல்லா ஆட்கொல்லிகளும் துப்பாக்கியால் ஆனவை அல்ல. முள்ளம்பன்றி முள் தைத்து நொண்டியானவையும் உண்டு, முதுமையால் தளர்ந்தவையும் உண்டு. ஆயினும் துப்பாக்கிப் புண் ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கார்பெட் வற்புறுத்தியே எழுதினார்.

சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக ஹியூவெட் அவருக்கு அளித்த பரிசுதான் ரிக்பி .275 ரைபிள். செய்தி பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டிருந்தது. யானைக்கும் காயமுற்ற புலிக்கும் உரிய கனத்த இரட்டைக்குழல் ரைபிளையும் அவர் கைவிட்டாரில்லை. ஆனால் நாள் முழுதும் செங்குத்து மலைகளில் ஏறி இறங்கி, இரவெல்லாம் மரக்கிளையில் அமர்ந்திருக்க வேண்டியவருக்கு எடை ஒரு பெரிய செய்தி. களைத்த கை நடுங்கும்; நடுங்கிய கையிலிருந்து புறப்படும் குண்டு, அரை அங்குலக் குண்டாயினும், பல்லை உடைத்துவிட்டுப் போகும்.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையின் கதை என் மாணவனின் கேள்விக்கு நேரான விடை. கேதாரநாதம், பத்ரிநாதம் செல்லும் யாத்திரை வழியில் 1918 முதல் 1926 வரை அது 125 பேரைக் கொன்றது. சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கர்வால் மாவட்டத்தில் ஏற்கனவே 4,000 துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றோடு 300 தனி உரிமங்கள் வழங்கப்பட்டன. விடுமுறையில் ஊர் திரும்பும் கர்வால் படைவீரர்கள் ரைபிளைத் தம்முடன் கொண்டுவர அனுமதிக்கப்பட்டார்கள். 10,000 ரூபாயும் இரண்டு கிராமங்களும் பரிசு என அறிவிக்கப்பட்டது. நஞ்சு வைத்தார்கள்; இரும்புப் பொறி வைத்தார்கள். எட்டாண்டுகள்! 4,300 உரிமங்களால் ஆகாதது, 1926 மே 2-ஆம் நாள் இரவு குலாப்ராய் என்னுமிடத்தில் ஒரு மாமரத்தின் மேலிருந்து ஒரே குண்டால் ஆயிற்று. தொலைநோக்கி பொருத்திய ரைபிள்கள் அப்போதே வழக்கிலிருந்தன. ஆனால் இருட்டில், சில கெஜத் தொலைவில், அதனால் என்ன பயன்? கார்பெட் ரைபிளோடு ஒரு மின்விளக்கைச் சேர்த்திருந்தார். கீழே கட்டியிருந்த ஆட்டின் மணி ஒலித்தது, விளக்குப் பொத்தானை அழுத்தினார், ஒளியில் சிறுத்தையின் தோள் தெரிந்தது, சுட்டார். உடனே விளக்கு அணைந்துபோயிற்று. அந்த ஒரு கணத்துக்காக அவர் அதே மரத்தில் பத்து இரவுகள் காத்திருந்தார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1930 ஏப்ரல் 11. 64 பேரைக் கொன்ற சௌகட் புலியைத் தேடி ஓர் ஓடைப் படுகையில் இறங்கிக்கொண்டிருந்தார். வழியில் கண்ட பக்கிக்குருவி முட்டைகள் இரண்டை எடுத்து இடக்கையில் வைத்திருந்தார். அவருக்குப் பறவை முட்டைகள் சேர்ப்பதில் விருப்பம். பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், சில அடித் தொலைவில் புலி அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது! வலக்கை ஒன்றினாலேயே ரைபிளைக் கொஞ்சங் கொஞ்சமாக, அசைவது தெரியாவண்ணம், முக்கால் வட்டம் திருப்பிச் சுட்டார். முட்டைகளும் உடையவில்லை. பேக்கரின் ஒன்பதரைக் கிலோவை அந்த இடத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

இத்தகையவர் நாளடைவில் வேட்டையில் நாட்டம் குறைந்து, படம் எடுக்கும் கருவியைத் தூக்கினார். சேம்பியன் என்னும் வன அதிகாரி 1920-களில் எடுத்த புலிப் படங்கள் அவரை ஈர்த்தன. ரைபிளுக்குத் தேவையான பொறுமையைவிடப் படக்கருவிக்கு மிகுதியான பொறுமை வேண்டும். 1936-இல் அமைந்த இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாவதில் அவருக்கும் பங்குண்டு. அது 1957-இல் அவர் பெயரையே பெற்றது. அவரோ 1947-இல் கென்யா சென்று, 1955-இல் அங்கேயே காலமாகிவிட்டார்.

விரைவாகச் சுடும் ரைபிளும், காட்டுக்குள் செல்லும் மோட்டார் வண்டியும் பெருகப் பெருகப் புலிகள் அருகின. 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே இருந்தன. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எந்த ரைபிள் சிறந்தது என்று வேட்டைக்காரர்கள் நூறாண்டு நடத்திய வாதம் நம் நாட்டில் அத்தோடு ஓய்ந்தது. 2022-இன் மதிப்பீடு 3,682. கார்பெட்டின் .275 அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, 2015-இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனத்தாரிடமே விலைக்கு வந்து சேர்ந்தது.

மனிதரைக் கொல்லும் புலி இன்று வந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2021-இல் நம் நீலகிரியில் கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ஒரு புலியை, வேட்டையாடலாம் என்று முதலில் ஆணை பிறந்தது. உடனே கொல்ல வேண்டா என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. கும்கி யானைகள், மோப்ப நாய்கள், பறக்கும் படக்கருவிகள் ஆகியவற்றோடு ஏறத்தாழ மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தும் துப்பாக்கியால் அதை வீழ்த்தி, உயிரோடு மைசூருக்குக் கொண்டு சென்றார்கள். அந்த ஊசி, ரைபிள் குண்டுபோல் நெடுந்தொலைவு செல்லாது. எலும்பில் படக்கூடாது, சதைப்பற்றுள்ள இடத்தில் பட வேண்டும். மருந்தின் அளவு புலியின் எடைக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். ஊசி தைத்த பின்னும் விலங்கு உடனே விழாது, அது போகும் திசையில் தொடர்ந்து செல்ல வேண்டும். ஆதலால் அதைச் செலுத்துபவர், புதருக்குள், புலிக்குச் சில பத்து மீட்டர் தொலைவுவரை நெருங்கியாக வேண்டியிருக்கிறது.