சிலம்பன்

'சிலம்பு' என்றதும் கண்ணகியின் கால்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அணிக்கு முந்தியது ஒலி. சிலம்புதல் என்னும் வினைக்கு ஒலித்தல், எதிரொலித்தல் என்று பொருள். பரல் பெய்த குழல்வளை அடிதோறும் ஒலித்ததால் சிலம்பாயிற்று, கூவிய குரலைத் திருப்பித் தரும் மலையும் சிலம்பாயிற்று, அம்மலைக்குரிய குறிஞ்சித் தலைவன் சங்கப் பாட்டில் சிலம்பன் ஆனான். நம் காலத்துப் பறவை நூலார் அப்பெயரை எடுத்து, ஓயாமல் குரல் கொடுக்கும் ஒரு பறவைக் குடும்பத்துக்குச் சூட்டினார்கள். தவிட்டின் நிறம் கண்டு ஊரார் தவிட்டுக்குருவி என்றழைப்பதும் இக்குடும்பத்துப் பறவையைத்தான். ஊர்ப்பெயர் கண்ணால் வைத்தது, நூற்பெயர் காதால் வைத்தது.

இக்குடும்பத்தில் ஒன்று இலங்கையின் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. செம்பழுப்பு உடல், செம்மஞ்சள் அலகு. 1847-இல் இதை விவரித்த விலங்கியலாளர் பிளைத், சிவந்து தோன்றுவது என்னும் பொருளில் 'ரூபெசென்ஸ்' என்று இலத்தீனில் பெயரிட்டார். சிங்களத்தில் 'ரத்து தெமலிச்சா'. ரத்து என்றால் சிவப்பு, வடமொழி 'ரக்த'த்தின் வழி வந்து நம் இரத்தத்துக்கு உறவாகிறது.

ஆங்கிலப் பெயர் 'ஆரஞ்சு பில்டு பாப்ளர்'. அந்த ஆரஞ்சைச் சற்றே உரித்துப் பாருங்கள்: அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம், அதற்கும் பின்னே நம் நாரத்தையின் திராவிட வேர் இருப்பதாகச் சொல்லறிஞர் பலர் கருதுகிறார்கள். ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் சொல் உலகம் சுற்றி, மேற்கே எங்கோ முதலெழுத்தான 'ந'வை உதிர்த்துவிட்டு, இக்குருவியின் அலகில் வந்து அமர்ந்திருக்கிறது!

'பாப்ளர்' என்பதில்தான் எனக்கு மனக்குறை. அது பொருளற்றுப் பிதற்றுவதைச் சொல்லும் சொல்; இப்பறவையின் குரலோ கூட்டத்தைக் கட்டிக்காக்கும் குரல். சிங்கராஜ வனத்தில் ஏழெட்டுச் சிலம்பன்கள் கிளைக்குக் கிளை தாவுகையில், ஒன்று கூவ அடுத்தது அதை வாங்கிச் சொல்ல, பரலோடு பரல் உரசுவதுபோல் அவ்வொலி அறாமல் நகர்கிறது. அதைக் கேட்டுக் கரிச்சான் வரும், வேறு பல குருவிகளும் வந்து சேர்ந்துகொள்ளும், இலைமறைவில் பறவை எதுவும் கண்ணில் படாதபோதும் காடு சிலம்பிக்கொண்டிருக்கும்.