குழந்தை அழுகிறது... அறை எண்?

வீட்டில் இரண்டு வயதில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. எங்கே போவீர்கள்?

'எங்கே' என்பதெல்லாம் அப்புறம்! பால் கலக்க ராத்திரியில் வெந்நீர் கிடைக்குமா? குழந்தை வீறிட்டு அழுதால் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டுவாரா? நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? முதலில் வருவது இந்தக் கேள்விகள்தானே... இவற்றுக்குப் பதில் சொல்லியே ஒரு மனிதர் கோடீஸ்வரர் ஆனார். பெயர் பில்லி பட்லின்.

அவர் கதைக்கு முன்னால், அந்தக்கால பிரிட்டனை ஒரு நடை பார்த்துவிடலாம். லங்காஷயர் பக்கத்துப் பருத்தி ஆலை ஊர்களில் வருடத்துக்கு ஒரு வாரம் மில்லையே இழுத்து மூடுவார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. நம்மூரில் சீட்டுக் கட்டுவது மாதிரி வருடம் முழுக்கச் சேர்த்த காசுதான்.

தங்குவதற்கு விடுதிகள் உண்டு. அவற்றை நடத்திய அம்மணிகள் சாமானியப்பட்டவர்கள் இல்லை! பல விடுதிகளில், காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும். அடுத்த வேளைச் சாப்பாட்டு நேரம் வரை திரும்பி வரக்கூடாது. மேஜையிலிருந்த உப்பு, மிளகு டப்பாவுக்குக்கூட தனி சார்ஜ் போட்ட விடுதிகள் இருந்தன. இன்னும் சில இடங்களில், காய்கறியும் கறியும் நீங்களே வாங்கிக் கொடுத்தால் விடுதி அம்மணி சமைத்துத் தருவார். ஆக, பெற்றவளுக்கு அங்கேயும் கூடை தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடும் வேலை. வீட்டு வேலைதான்... வீடு மட்டும் வேறு!

தென்னாப்பிரிக்காவில் 1899-ல் பிறந்தவர் பட்லின். கனடாவில் வளர்ந்து, 1921-ல் இங்கிலாந்துக்கு வந்து, திருவிழாக்களில் வளையம் வீசும் விளையாட்டுக் கடை போட்டவர். வேல்ஸில் பேரி ஐலண்ட் கடற்கரைக்குப் போயிருந்தபோது ஒரு காட்சி அவர் மனதில் தைத்தது. கொட்டும் மழை. விடுதிக்குள் போக வழியில்லாமல், குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக நனைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து இந்த அவஸ்தையா என்று தோன்றியிருக்கிறது மனுஷனுக்கு.

1936 ஏப்ரலில், ஈஸ்டர் சமயத்தில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்கெக்னஸில் பட்லினின் விடுமுறை முகாம் திறந்தது. வரிசை வரிசையாகக் குட்டி மர வீடுகள். மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டம், பாட்டு எல்லாம் சேர்த்து, சீசனைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை. தனித்தனி பில் கிடையாது. மழை வந்தால் உள்ளேயே விளையாடிக்கொள்ளலாம். 'ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை' என்று விளம்பரம் செய்தார். 1938-ல் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு பிரிட்டனில் சட்டம் வந்ததும், சரியான நேரத்தில் கடை விரித்தவராகிவிட்டார் பட்லின். ஆனால் மறு வருடமே உலகப்போர்! முகாம்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஸ்கெக்னஸில் கடற்படைப் பயிற்சி நடந்தது.

போருக்குப் பிறகுதான் கொண்டாட்டம் உச்சத்துக்குப் போனது. முகாமில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதைவிட முக்கியம், ராத்திரி ரோந்து! கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் நடன அரங்குக்குப் போய்விடலாம். வீடுகளின் வரிசையில் நர்ஸுகள் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார்கள். உள்ளே சத்தம் கேட்டால் அரங்குக்குத் தகவல் பறக்கும். அங்கே 'குழந்தை அழுகிறது' என்று வீட்டு எண்ணோடு அறிவிப்பு வரும். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஜோடி பாதியில் ஓடும்!

இன்றைக்கு அப்படித் தனியாக விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனசு வருமா? எனக்கு வராது. ஆனாலும் அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு, யாரோ சமைத்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டு, கணவனோடு ஒரு மணி நேரம் ஆடிய முதல் ராத்திரி அதுவாகக்கூட இருந்திருக்கலாம். காலையில் ஒலிபெருக்கி வைத்து எழுப்புகிறார்கள், சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று பட்லின் முகாம்களைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தாரோ!

அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவில் இதே எரிச்சல் வேறு ஒருவருக்கு வந்தது. மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டடத் தொழிலதிபர் கெமன்ஸ் வில்சன். 1951-ல் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு காரில் வாஷிங்டனுக்குக் கிளம்பினார். வழியில் தங்கிய விடுதிகளில் குழந்தை ஒன்றுக்கு 2 டாலர் கூடுதலாகத் தீட்டினார்கள். 6 டாலர் அறை, ஐந்து பிள்ளைகளால் 16 டாலர்! கொதித்துப்போன வில்சன், 'நானே 400 விடுதி கட்டுகிறேன் பார்' என்று சொல்ல, மனைவி சிரித்தாராம். 1952 ஆகஸ்டில் மெம்ஃபிஸில் முதல் 'ஹாலிடே இன்' திறந்தது. 120 அறைகள், நீச்சல் குளம். பெற்றோர் அறையில் தங்கும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 400-ஐயும் தாண்டி 1,000-க்கு மேல் போயிற்று.

இங்கே ஒன்றை விட்டுவிடக்கூடாது. அந்தக்கால அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பத்துக்கு 'குழந்தைக்கு எவ்வளவு' என்று கேட்கும் வாய்ப்பே கிடையாது. வெள்ளையர்களின் விடுதி வாசலிலேயே 'இடமில்லை' என்பார்கள். விக்டர் கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பர்களைச் சேர்க்கும், எங்கே சாப்பிடலாம் என்று பட்டியல் தரும் புத்தகம். பிள்ளைகளோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது உயிர்க் கவசம். முதல் பதிப்பு வந்த வருடம் எது தெரியுமா? ஸ்கெக்னஸ் முகாம் திறந்த அதே 1936! விடுதிகளில் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1964 ஆயிற்று.

பட்லினுக்கு அதே 1964-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. ஆனால் விமானங்கள் மலிவாகி, வெயில் காயும் ஸ்பெயினுக்கு ஜனங்கள் பறக்க ஆரம்பித்ததும் அவரது முகாம்கள் காலியாயின. அவர் 1980-ல் காலமானார். கிளாக்டன், ஃபைலி முகாம்களை 1983-ல் மூடிவிட்டார்கள். ஸ்கெக்னஸில் மட்டும், 1936-ஐச் சேர்ந்த குட்டி மர வீடு ஒன்று இடிபடாமல் தப்பியது. கோட்டைகளையும் மாளிகைகளையும் சேர்க்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் 1987-ல் அதையும் சேர்த்துவிட்டது பிரிட்டிஷ் அரசு!