புட்பக விமானத்தைப் பழுது பார்த்தவன் யார்?

புராணத்தைப் புரட்டினால் புட்பக விமானம் பறக்கிறது. ஏறியவன் பெயர் உண்டு. பறித்தவன் பெயர் உண்டு. ஆனால், அதன் தேய்ந்த உறுப்பை மாற்றியவன் யார்? தளர்ந்த ஆணியை முடுக்கியவன் யார்? ஏட்டில் தேடினோம், இல்லை. கற்பனை விமானம் தேய்வதில்லை. எனவே அதைத் திருத்த ஆளும் தேவையில்லை! தேய்வதும் திருத்தப்படுவதும் உண்மை விமானத்துக்கே உரியவை. அந்தத் திருத்தும் தொழிலின் வரலாற்றையே இங்கே காண்போம்.

1903 டிசம்பர் 17. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் வானில் பறந்தனர். பறக்க வைத்த எஞ்சினைச் செய்தவர் யார் தெரியுமா? சார்லஸ் டெய்லர். அவர்களுடைய சைக்கிள் கடையில் கூலிக்கு அமர்ந்த தொழிலாளி. ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளைப்பொறி, சில கைக்கருவிகள், துண்டுக் காகிதத்தில் கிறுக்கிய படங்கள்! இவற்றைக் கொண்டு ஆறே வாரங்களில், 12 குதிரைத் திறன் தரும் எஞ்சினை உருவாக்கினார். பறந்தவர்களை உலகம் பாராட்டிற்று. பறக்க வைத்தவரை மறந்தது. 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மருத்துவமனையின் தருமப் பிரிவில் அவர் கிடப்பதைக் கண்ட பிறகே விமானத் தொழில் துறையினர் நிதி திரட்டி உதவினர். மறு ஆண்டே அவர் மறைந்தார்.

டெய்லரிடம் சான்றிதழ் இல்லை. அன்று அதைத் தருவாரும் இல்லை. வானில் மக்கள் பயணம் செய்யத் தொடங்கிய பின்னரே, 'திருத்தியவன் தகுதி பெற்றவனா?' என்ற கேள்வி பிறந்தது. இந்தியாவில் 1937ஆம் ஆண்டு விமான விதிகள், பராமரிப்புப் பொறியாளருக்கு உரிமம் வழங்க வழி செய்தன. 1944இல் நாடுகள் பல கூடிச் செய்த சிகாகோ உடன்படிக்கையின் வழியே, 1948இல் உரிமம் பற்றிய உலகப் பொது நெறிகளும் வகுக்கப்பட்டன.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஓர் இளைஞன், தலைக்கு மேல் பறக்கும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறான். 'இத்தொழிலில் எனக்கு இடமுண்டா?' என்று கேட்கிறான். அவனுக்கு என்ன விடை தருவது?

1953இல் சென்னை மாகாணத்தில் ஒரு திட்டம் வந்தது: ஒரு வேளை பள்ளி, மறு வேளை தந்தையின் தொழில். குலக்கல்வி என்று நாடு அதை எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! உழவன் மகனுக்கும் குயவன் மகனுக்கும் விமான எஞ்சினைக் கற்றுத்தர எந்தத் தந்தையால் முடியும்? தந்தை தொட்டிராத தொழிலைத் தனயன் தொட வேண்டுமானால், அதற்குப் பள்ளி வேண்டும்.

பள்ளிகள் தோன்றின, தொழிற்கூடங்களும் எழுந்தன. 1940இல் பெங்களூரில் வால்சந்து ஈராசந்து, மைசூர் அரசின் துணையுடன் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். 1949இல் குரோம்பேட்டையில் எழுந்த சென்னைத் தொழில்நுட்பக் கழகம் விமானப் பொறியியல் கற்பித்தது. அங்கே பயின்ற இராமேசுவரத்து அப்துல் கலாம், பெங்களூர்த் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டக் கற்றார். 1990களில் ஓசூருக்கு அருகே பெலகொண்டப்பள்ளியில் சிறு விமானங்களே செய்யப்பட்டன. ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்து ஊர். 2004இல்தான் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. கடத்தூர் இளைஞனின் சொந்த மாவட்டத்திலேயே விமானம் பிறந்தது என்பது கதையன்று, வரலாறு!

இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் தேறியவர், அரசு ஒப்புதல் பெற்ற பயிற்சிப் பள்ளியில் சேரலாம். எஞ்சினும் உடற்பகுதியும் ஒரு பிரிவு. மின்னணுக் கருவிகள் மற்றொரு பிரிவு. உரிமத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 100க்கு 75 பெற வேண்டும். விமானத்தில் கைபடப் பணியாற்றிய அனுபவமும் காட்ட வேண்டும். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று வினாத்தாள் கேட்பதில்லை. தகுதி பெற்றவர் கையொப்பமிட்டாலன்றி, பழுது பார்த்த விமானம் தரையை விட்டு எழாது.

அந்தக் கையொப்பத்தின் எடை என்ன? 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து எழுந்த விமானத்தின் முகப்புக் கண்ணாடி நடுவானில் பறந்தது. விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். உடனிருந்தோர் அவரைப் பற்றிக்கொண்டனர். துணை விமானி தரையிறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர். காரணம்? புதிதாக மாட்டிய கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 உரிய அளவினும் மெல்லியவை. மாட்டியவர் அனுபவமிக்கவர், அளவேட்டைப் பாராமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். முன்பு இருந்ததைப் போன்றதே போதும் என்று எண்ணினார்! பழக்கம் அறிவாகாது, சான்றிதழும் சோதனைக்கு மாற்றாகாது. ஒவ்வொரு நாளும் ஏட்டைப் பார்த்து, அளந்து, ஐயம் தெளிந்து முடுக்குவதே இத்தொழிலின் அறம். ஆயுதபூசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கலாம். தளர்ந்த போல்ட்டு அதனால் இறுகாது.

பிறப்பு என்னும் பூட்டு இத்தொழிலின் வாயிலில் இல்லை. ஆனால் பணம் என்னும் பூட்டு இன்னும் தொங்குகிறது. தனியார் பள்ளிகளின் கட்டணம் ஏழைக்கு மலையாக நிற்கிறது. உதவித்தொகை கேட்பது பிச்சையன்று, உரிமை. அதைக் கேட்போம், கடத்தூர்த் தம்பிக்கும் தங்கைக்கும் இந்த வழி உண்டென்று வீடு வீடாகச் சொல்வோம்.

புட்பக விமானத்தைத் திருத்தியவன் பெயர் ஏட்டில் இல்லை. நாளை பறக்கும் விமானத்தின் ஏட்டில், பொறுப்போடு இட்ட நம் பிள்ளைகளின் கையொப்பம் இருக்கட்டும்!