நீர் நீக்கமும் நீர் சேர்ப்பும்: அமெரிக்கச் சிக்கன மாட்டிறைச்சிச் சூப்பின் வரலாறு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உழைக்கும் குடும்பங்களில் பரவலாகச் சமைக்கப்பட்ட எளிய உணவுகளுள் ‘ஹாம்பர்கர் சூப்பு’ ஒன்று. ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) மாட்டுக் கொத்துக்கறி, மக்ரோனியும் சுவைப்பொடியும் அடங்கிய ஒரு பெட்டி, ஒரு டப்பா தக்காளி, கைவசம் உள்ள காய்கறி, பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட அளவினும் மிகுதியான நீர் ஆகியன இருந்தால் அது உருவாகிவிடும். இதன் சிக்கனத்தைப் பெட்டி உணவின் மலிவான விலையோடு தொடர்புபடுத்திக் கூறுவது வழக்கம். ஆயின், உணவிலிருந்து நீரை யார் நீக்கினர், அதனை மீண்டும் யார் சேர்த்தனர் என்று நோக்கினால் அச்சிக்கனம் பெரிதும் சமைப்பவரிடமிருந்தே பிறந்தது என்பது புலனாகும்.

நீர் நீக்கிய சூப்பு

வேதியியலறிஞர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1847இல் மாட்டிறைச்சிச் சாற்றைச் சுண்டவைத்துச் செறிவாக்கும் முறையை விளக்கினார். அக்காலத் தென்னமெரிக்காவில் மாடுகள் பெரும்பாலும் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் கொல்லப்பட்டன. இறைச்சியைக் கெடாமல் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. இதனை வாய்ப்பாகக் கொண்டு 1865இல் லண்டனில் பதிவான நிறுவனம் உருகுவே நாட்டின் ஃபிரே பென்டோசில் ஆலை நடத்தியது. ஏறத்தாழ 30 கிலோ இறைச்சியிலிருந்து ஒரு கிலோ சாறு மட்டுமே கிடைத்தது. ஏழைகளின் இறைச்சி என்று போற்றப்பட்ட அச்சாற்றில் புரதம் மிகக் குறைவு என்பதை மருத்துவ உலகம் விரைவில் சுட்டிக்காட்டியது. அதன்பின் அது ஊட்டத்துக்குரிய பொருள் என்ற நிலையிலிருந்து சுவைக்குரிய பொருள் என்ற நிலைக்கு இறங்கியது.

சுவிட்சர்லாந்தில் சிக்கல் வேறு. ஆலைகளில் நெடுநேரம் உழைத்த பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. குடும்பங்களின் உணவு சீர்கெட்டது. தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த மருத்துவர் ஃபிரிடோலின் ஷூலர் பருப்பு வகைகளைப் பரிந்துரைத்தார். அவரோடு இணைந்து செயல்பட்ட மாவாலை உரிமையாளர் யூலியஸ் மாகி 1886இல் பட்டாணி, அவரை மாவுகளாலான உடனடிச் சூப்புகளை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1983 முதல் இந்திய வீடுகளில் நூடுல்ஸின் பெயராகவே வழங்கிவரும் ‘மாகி’ இவரே. லீபிக்கின் முயற்சி சரக்குக் கப்பலின் சுமையைக் குறைத்தது. மாகியின் முயற்சி பெண்ணின் அடுப்படி நேரத்தைக் குறைத்தது.

அமெரிக்காவில் இவ்விரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தவர் ஜான் டி. டாரன்ஸ் எனலாம். நியூஜெர்சி மாநிலம் கேம்டனில் இயங்கிய கேம்பெல் நிறுவனத்தில் வேதியியலராகச் சேர்ந்த இவர், 1897இல் செறிவூட்டிய சூப்பை உருவாக்கினார். நீர் நிறைந்த பெரிய சூப்பு டப்பா 30 சென்டுக்கும் மேல் விற்றபோது, செறிவூட்டிய சிறிய டப்பா 10 சென்டுக்குக் கிடைத்தது. புகைவண்டிக் கட்டணம், தகரம், கடையின் இடம் ஆகிய அனைத்தும் மிச்சமாயின. நீரைச் சேர்க்கும் வேலை வாங்குபவரின் வீட்டுக்கு மாற்றப்பட்டது.

கொத்துக்கறியும் பெட்டியும்

மாட்டின் மலிவான பகுதிகள் கடினமானவை. அவற்றை மென்மையாக்க நெடுநேரம் வேகவைக்க வேண்டும். அரைத்துவிட்டால் சில நிமிடங்களில் வெந்துவிடும். எனவே கொத்துக்கறி பணத்தையும் எரிபொருளையும் ஒருங்கே மிச்சப்படுத்தியது. அமெரிக்க விதிகளின்படி அதில் 30 விழுக்காடு வரை கொழுப்பு இருக்கலாம். மலிவான கறியை வதக்கி நெய்யை வடித்தபின் எஞ்சுவது வாங்கிய எடையன்று என்பதும் நோக்கத்தக்கது. சூப்பிலோ வடிக்காமல் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். இந்த இழப்பை ஈடுசெய்யும் பொருள் தேவைப்பட்டது.

ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ‘ஹாம்பர்கர் ஹெல்ப்பர்’ என்னும் பெட்டியை 1971இல் நாடு முழுவதும் விற்கத் தொடங்கியது. ஒரு வாணலி, ஒரு பவுண்டு கறி, ஒரு பெட்டி என்பதே அதன் அமைப்பு. அதன்மேல் விளங்கிய பெட்டி கிராக்கர் என்னும் பெயர் 1921இல் விளம்பரத்துக்காகப் படைக்கப்பட்ட கற்பனைப் பெண்ணுடையது. 1973 மார்ச் 29 அன்று அதிபர் நிக்சன் இறைச்சி விலைக்கு உச்சவரம்பு விதித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் இல்லத்தரசியர் நாடு தழுவிய இறைச்சிப் புறக்கணிப்பை நடத்தினர். அப்புறக்கணிப்பிலிருந்தே இப்பெட்டி பிறந்தது எனக் கருதுவது காலமுறைக்குப் பொருந்தாது. விலையுயர்வு அதன் விற்பனைக்குத் துணைநின்றது என்பதே பொருத்தமாகும். 1970இல் வயதுவந்த பெண்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் உழைப்புச் சந்தையில் இருந்தனர். 1980இல் பாதிக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பணமும் நேரமும் ஒருசேரச் சுருங்கிய அடுப்படிகளுக்கே அப்பெட்டி சென்றது.

பெட்டிக்குள் இருந்தவை உலர்ந்த மாவுப்பண்டம், சோளமாவு, உப்பு, வெங்காய மற்றும் தக்காளிப் பொடி போன்றவையே. டாரன்ஸ் நீரை மட்டும் நீக்கினார். இந்நிறுவனமோ நீரோடு இறைச்சியையும் நீக்கி, உணவின் விலைகுறைந்த பகுதிகளை மட்டும் விற்றது. விலைமிக்க பகுதியை வாங்குபவரே கொணர வேண்டியிருந்தது. ‘துணை’ என்னும் பொருள்படும் அதன் பெயரைச் சற்று எச்சரிக்கையோடு அணுகுதல் வேண்டும்.

பெட்டியைச் சூப்பாக்கியவர்கள்

பெட்டியின் செய்முறை கெட்டியான வாணலி உணவுக்குரியது. அதன் சுவைப்பொடி குறைந்த நீரில் உறைக்குமாறு உப்பும் மாவும் மிகுதியாகச் சேர்த்து அமைக்கப்பட்டது. அம்மிகுதியே இல்லத்தரசிக்கு வாய்ப்பாயிற்று. நீரைப் பெருக்கினாலும் சுவை முற்றிலும் மங்கவில்லை. சோளமாவு சாற்றுக்குச் சற்றுக் கனம் தந்தது. உருளைக்கிழங்கும் கேரட்டும் அளவைக் கூட்டின. ஒருவேளைக்குக் கணக்கிட்ட ஒரு பவுண்டு கறி அடுத்த வேளைக்கும் நீண்டது.

இத்தகைய செய்முறைகள் தேவாலயங்களும் மகளிர் மன்றங்களும் நிதி திரட்ட அச்சிட்ட சமையல் நூல்களில் இடம்பெற்றன. 1864இல் உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக ஃபிலடெல்ஃபியாவில் வெளியான நூலிலிருந்து தொடர்வது இம்மரபு. அந்நூல்களின் பிற்காலப் பக்கங்களில் குடும்பச் செய்முறைகளின் பொருள் வரிசையில் நிறுவனப் பெயர்களும் உப்பு, மிளகு போல இயல்பாக நிற்கின்றன. செய்முறையின்கீழ் அதனைத் தந்த பெண்ணின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியின் செய்முறையை மாற்றியவர் தாமே என்று அவர் உரிமை கோருவதாக இதனைக் கொள்ளலாம்.

எஞ்சிய சூப்பில் மக்ரோனி இரவு முழுவதும் ஊறிச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் அதனைச் சூடாக்கும் முன் ஒரு குவளை நீர் மீண்டும் சேர்க்கப்படும். அந்நீரின் அளவு எந்தப் பெட்டியின்மேலும் அச்சிடப்பட்டதில்லை.