ஒரே வயல், இரண்டு சொந்தக்காரர்: ருவாண்டாவின் நிலச் சீர்திருத்தம்

போர் முடிந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். மறுநாள் காலையில் ஒரு குடியானவன் ஊர் திரும்பித் தன் வயலுக்குப் போகிறான். அங்கே வேறொருவன் களை எடுத்துக்கொண்டிருக்கிறான். "இது எங்க அப்பா நிலம்" என்கிறான் வந்தவன். "முப்பது வருஷமா நான்தான் பாடுபடறேன்" என்கிறான் இருப்பவன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை! சமாதானம் நிலைக்குமா என்பதை முடிவு செய்வது அந்த வரப்புதான்.

நில அளவைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். போருக்குப் பிறகு எந்த நாடு நிலப் பிரச்சினையை எப்படித் தீர்த்தது என்று தேடிப் படிப்பது, ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆப்பிரிக்காவின் ருவாண்டா. அந்த வரலாற்றை நம் சங்க மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சின்ன நாடு, நிறைய ஜனம்

ருவாண்டாவின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 'ஆயிரம் மலைகளின் நாடு' என்று அதற்குப் பெயர். மலைச்சரிவு முழுக்க வாழையும் பீன்ஸும் மரவள்ளியும் பயிரிடும் சிறு குடியானவர்கள். 1962 வரை பெல்ஜியத்தின் ஆட்சி. அதற்கு முன்பே, 1959 நவம்பரில், ஹூட்டு - துட்சி கலவரம் மூண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் துட்சி மக்கள் கூட்டம் கூட்டமாக உகாண்டா, புருண்டி, காங்கோ, தான்சானியா என்று சிதறினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடும் நிலமும் பிறர் கைக்குப் போயின. பல இடங்களில் உள்ளூர் அதிகாரிகளே பங்கிட்டுக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் உழுதார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பாகமும் பிரித்தார்கள்.

1990 அக்டோபரில் அகதிகளின் பிள்ளைகள் 'ருவாண்டா தேசபக்த முன்னணி' என்ற பெயரில், உகாண்டாவிலிருந்து ஆயுதத்தோடு திரும்பினார்கள். மூன்று ஆண்டுப் போருக்குப் பின் 1993 ஆகஸ்டு 4 அன்று தான்சானியாவின் அருஷா நகரில் ஒப்பந்தம் ஏற்பட்டது.

பத்து ஆண்டு விதி

அருஷா உடன்பாட்டில் அகதிகள் பற்றிய பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. சொத்துரிமை என்பது அடிப்படை உரிமை, திரும்பி வருபவர் தம் சொத்தைத் திரும்பப் பெறலாம் என்று முதலில் சொல்கிறது. உடனே அடுத்த வரியில் ஒரு பரிந்துரை: நாட்டைவிட்டுப் போய்ப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனவர்கள், வேறொருவர் அனுபவத்தில் இருக்கும் பழைய சொத்தைக் கேட்க வேண்டாம், அவர்களுக்கு அரசு மாற்று நிலம் கொடுக்கும்.

யோசித்துப் பாருங்கள். 1959-ல் விரட்டப்பட்டவனுக்கு இது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். ஆனால் அவனுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால், யாரையும் விரட்டாத இன்னொரு தலைமுறை தெருவுக்கு வரும். இரண்டு நியாயங்களில் ஒன்றைத்தான் முழுசாக நிறைவேற்ற முடியும்.

போஸ்னியா நேரெதிர் வழியில் போனது. 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தத்தின் ஏழாவது இணைப்பு, அவரவர் வீடு அவரவருக்கே என்றது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. பத்து ஆண்டுக்குள் பெரும்பாலானவை முடிந்தன. ஆனால் வீடு கைக்கு வந்ததும் அதை விற்றுவிட்டு, தஞ்சம் புகுந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். சொத்து திரும்பியது, பழைய ஊர் திரும்பவில்லை.

படுகொலையும் இரு திரும்புதலும்

அருஷா மை காய்வதற்குள் எல்லாம் தலைகீழானது. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில், எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலோர் துட்சிகள். நிலப் பஞ்சத்தால் நடந்த கொலை என்று சிலர் சுருக்கிச் சொல்றாங்க, அது சரியில்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் திட்டமிட்டு நடத்தியது அது. ஆனால் கொல்லப்பட்ட அண்டைவீட்டானின் நிலம் கிடைக்கும் என்ற ஆசையும் பலரை இழுத்தது என்பதை மறுக்க முடியாது.

ஜூலையில் முன்னணி வென்றது. சுமார் இருபது லட்சம் பேர், பெரும்பாலும் ஹூட்டுகள், அண்டை நாடுகளுக்கு ஓடினார்கள். அதே சமயம் 1959-ன் அகதிகளும் அவர்கள் வாரிசுகளும் ஏழெட்டு லட்சம் பேர் உள்ளே வந்து, காலியாகக் கிடந்த வீடுகளில் குடியேறினார்கள். 1996 கடைசியில் ஓடிப்போனவர்களில் பத்து லட்சத்துக்கு மேல் சில வாரங்களுக்குள் திரும்பினார்கள். ஒரே வயலுக்கு இப்போது இரண்டு சொந்தக்காரர்.

கிழக்கே கிபுங்கோ, உமுத்தாரா பகுதிகளில் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது: ஆளுக்குப் பாதி. ஈடு எதுவும் கிடையாது. 1997-ல் அககேரா தேசியப் பூங்காவில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துக் குடியேற்றத்துக்குக் கொடுத்தார்கள். சிதறிய வீடுகளை விட்டு எல்லோரும் 'இமிடுகுடு' என்ற கூட்டுக் குடியிருப்புகளுக்கு வரவேண்டும் என்று 1996 டிசம்பரில் உத்தரவும் வந்தது. விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. பாதி நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாம் மனசார விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ராணுவம் வென்ற நாட்டில் வாய் திறந்து கேட்பது அத்தனை சுலபமா என்ன?

ஒரு கோடிக்கு மேல் மனைகள்

இந்தக் கச்சாப் பங்கீட்டுக்குச் சட்ட உருவம் 2005-ல்தான் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த நிலச் சட்டம், வழக்காற்று உரிமையையும் 1994-க்குப் பின் நடந்த பங்கீட்டையும் ஏற்றுக்கொண்டது. எல்லா நிலத்தையும் பதிவு செய்வது கட்டாயம் என்றது.

அதன் பிறகு நடந்த வேலைதான் என் போன்றவர்களை வாய் பிளக்க வைத்தது. ஒவ்வொரு துண்டையும் சங்கிலி போட்டு அளந்திருந்தால் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அவர்கள் விமானப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வயலுக்கே எடுத்துப் போனார்கள். அந்தந்த ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தக்காரரும் நாலாபுறத்து அண்டைக்காரரும் வரப்பு மேல் நடந்து வர, ஊரார் முன்னிலையில் எல்லைக் கோட்டைப் படத்தின் மேல் வரைந்தார்கள். தகராறு இருந்தால் தனிப் பதிவேட்டில் எழுதி, 'அபுன்சி' எனப்படும் ஊர் சமரசக் குழுவுக்கு அனுப்பினார்கள். 2013 வாக்கில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மனைகள் பதிவாகிவிட்டன. மனை ஒன்றுக்கு ஆன மொத்தச் செலவு ஆறேழு டாலர். துல்லியம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் நாலு அண்டைக்காரர் தலையாட்டிய கோடு, ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாத துல்லியமான கோட்டைவிடப் பலமானது. இதை என் அனுபவத்திலும் சொல்வேன்.

தாளில் யார் பெயர்?

படுகொலைக்குப் பின் ருவாண்டா விதவைகளின் நாடாக இருந்தது. பழைய வழக்கப்படி பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை. கணவன் இறந்தால் அவன் உடன்பிறந்தார் வந்து நிற்பார்கள். 1999 நவம்பர் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது. சட்டப்படி மணந்த மனைவியின் பெயரும் நிலப் பத்திரத்தில் ஏறியது.

முன்னோட்டமாகப் பதிவு நடந்த பகுதிகளை உலக வங்கி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பதிவான நிலத்தில் வரப்பு கட்டி மண்ணைக் காக்கும் வேலை கூடியிருந்தது. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் இன்னும் அதிகம். 'நம்மை யாரும் எழுப்பமாட்டார்கள்' என்ற நம்பிக்கை வந்தால்தானே மண்ணில் பணம் போட மனசு வரும்! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் காட்டியது. மணச் சான்றிதழ் உள்ள மனைவியின் உரிமை உயர்ந்தது. சான்றிதழ் இல்லாமல் ஊர் வழக்கப்படி குடும்பம் நடத்திய பெண்ணின் நிலை இறங்கியது. வாய்ச்சொல்லாக இருந்தவரை அவளுக்கும் ஏதோ ஒரு பிடி இருந்தது. எழுத்தில் வந்ததும் அதுவும் போச்சு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக விவசாய நிலத்தைத் துண்டாக்கக் கூடாது என்று 2005 சட்டமும் 2013 சட்டமும் சொல்லின. சராசரிக் குடும்பத்தின் மொத்த நிலமே ஒரு ஹெக்டேர் கிடையாது! ஆகவே அண்ணன் தம்பிகள் வரப்பில் பிரித்துக்கொண்டார்கள். தாளில் பழைய பெயரே நின்றது. பெயர் மாற்றக் கட்டணமும் சிறு குடியானவனுக்குக் கனமாக இருந்தது. பதிவேடு கிணறு மாதிரி, ஒரு தடவை வெட்டினால் போதாது. தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்கு என்ன?

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் பிழைப்புக்காக நாமாக வந்தோம். யாரும் நம்மை விரட்டவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்து ஒப்பிடுவது தவறு. இருந்தாலும் ருவாண்டா காட்டிய உண்மை ஒன்று நம் வீட்டுக்கும் பொருந்தும்: காகிதம் எல்லோரையும் காப்பாற்றாது, அதில் பெயர் உள்ளவரை மட்டுமே காப்பாற்றும்.

தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் ஆனது. சட்டம் இருக்கட்டும். அடுத்த முறை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அந்த அரை ஏக்கர் பட்டாவை வாங்கி ஒரு தடவை பாருங்கள். தாத்தா பெயரிலேயே நிற்கிறதா? அதை இன்றைக்கும் உழுது காப்பாற்றும் சித்தப்பாவின் பெயர் இருக்கிறதா? அக்கா, தங்கை, அத்தை பெயர்கள் இருக்கின்றனவா? எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி எழுதிவிடலாம். ருவாண்டா மக்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.